ஓத அட்டவணையைப் பார்த்துக் கூப்பிடுங்கள்: பறவை உலா நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலோரப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பறவை பார்க்க எங்களை அழைத்துப் போகும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை நாளில் இருட்டோடு எழுந்து வருகிறீர்கள். யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாமலே வாசலில் காத்து நிற்கிறீர்கள். சொந்தக் காசில் வாங்கிய டெலஸ்கோப்பை முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "அது என்ன பறவை?" என்ற ஒரே கேள்விக்கு நாற்பதாவது முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறீர்கள். உப்புக்கொத்தியையும் உள்ளானையும் பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்தது உங்களைப் போன்ற ஒருவர்தான். ஆகவே இதைப் புகார்க் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல வருடங்களாகப் பின்வரிசையில் நடந்து வருகிறவன் உரிமையோடு கேட்கிற ஒரு கோரிக்கை இது.

கோரிக்கை இதுதான். கடலோர உலாவுக்கு நாளும் நேரமும் குறிக்கும்போது ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் சொல்லும் பட்டியலை, பார்த்துக் குறியுங்கள். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் எங்களை நடக்க வைக்காதீர்கள். உட்கார வையுங்கள்.

"காலை ஆறரை மணிக்கு நுழைவாயிலில் கூடுவோம்" என்றுதான் அறிவிப்புகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. அந்த ஆறரை எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து வந்தது. காட்டிலும் தோப்பிலும் விடியலில்தான் பறவைகள் பாடும், சுறுசுறுப்பாக இரை தேடும். வெயில் ஏறினால் இலைக்குள் ஒதுங்கிவிடும். அங்கே ஆறரை சரி. அந்தப் பழக்கத்தை அப்படியே கடற்கரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். சேற்றுவெளியில் மேயும் கரைப்பறவைக்குச் சூரியன் இரண்டாம் பட்சம். அதற்குச் சோறு போடுவதும் பாய் விரிப்பதும் கடல்தான்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக உயரமாக ஏறும், மிகத் தூரம் வற்றும். அரைநிலா நாட்களில் இரண்டும் அடக்கமாக இருக்கும். நீர் வற்றியதும் சேறு திறக்கும். புழுவும் சிப்பியும் குட்டி நண்டும் அந்தச் சேற்றுக்குள்தான். பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் சிதறிப்போய், பகலோ இரவோ பார்க்காமல் மேயும். திரும்ப நீர் ஏற ஏற அவை கரையை நோக்கித் தள்ளப்படும். உச்ச ஏற்றத்தில் சேறு முழுக்க முழுகிவிடும். தின்ன ஒன்றும் கிடையாது. மிச்சம் இருக்கும் ஒரு மணல் திட்டு, ஒரு உப்பள வரப்பு, ஒரு கல் கரை, அதில் போய் எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கும். காற்றுக்கு எதிராக முகம் வைத்து, ஒற்றைக் காலில், அலகை முதுகில் செருகி, கண்ணைத் திறந்து திறந்து மூடும். தின்றது செரிக்கும். இறகு கோதும். தூங்கும். கரைப்பறவைக்கு ராத்திரி என்றால் அந்த மூன்று நான்கு மணி நேரம்தான், அது நம் கணக்கில் காலை எட்டு மணியாக இருந்தாலும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் அறிவிப்பில் ஆறரைதான் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். இடம் வேண்டாம், கூட்டிக்கொண்டு போனவர் பெயரும் வேண்டாம், நல்ல மனிதர். நாங்கள் இருபது பேருக்கு மேல் இருப்போம். போய்ச் சேர்ந்தபோது நீர் கரைமுட்ட நின்றது. அலையாத்திப் புதர்களைத் தாண்டினால் நாக்கைப் போல நீண்ட ஒரு மணல் திட்டு. அதன் மேல் ஆயிரக்கணக்கில் பறவைகள். கொசு உள்ளான், மண்கொத்தி, பவளக்காலி, மூக்கன், ஓரமாக ஆலாக்கள். பாதை திட்டின் ஓரமாகவே போனது. நடந்துகொண்டே இருந்தோம். முன்வரிசையில் ஒருவருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க ஆசை. பத்தடி. பின்னால் வந்தவர்களுக்கு மறைத்தது என்று அவர்களும் பத்தடி. திட்டில் தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் மொத்தக் கூட்டமும் ஒரே துணியை உதறியது போல எழும்பியது.

"ஆஹா!" என்றோம். எல்லோரும்தான், நானும்தான். கைபேசிகள் உயர்ந்தன. கூட்டம் வெள்ளையாகத் திரும்பி, பழுப்பாகத் திரும்பி, மூன்று முறை வட்டமடித்தது. இறங்கப் பார்த்தது. நாங்கள் இன்னும் அங்கேயே நின்றோம். நான்காவது வட்டத்தில் கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அன்று எடுத்த படம் பல மாதங்கள் என் கணினித் திரையில் இருந்தது. பார்ப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பித் துரத்திவிட்டு எடுத்த படம் அது என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆயிற்று.

ஒரு முறை எழும்பினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் அந்தப் பறவைகளின் பயணத்தில் இருக்கிறது.

2007-இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்றின் உடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்தார்கள். ஈ7 என்று பெயர். அலாஸ்காவில் கிளம்பி நியூசிலாந்தில் இறங்கியது. 11,500 கிலோமீட்டருக்கும் மேல், எட்டு நாளுக்கு மேல், நடுவில் எங்கும் இறங்காமல். கடலில் இறங்கி ஓய்வெடுக்க அது வாத்து இல்லை. 2022-இல் அதே இனத்தின் குஞ்சு ஒன்று, பிறந்து ஐந்து மாதம்தான் இருக்கும், அலாஸ்காவிலிருந்து டாஸ்மானியாவுக்கு 13,560 கிலோமீட்டர் பறந்தது. பதினொரு நாள். வழிகாட்டக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்களோ, அதன் மேல் பொருத்தியிருந்த கருவி அந்தக் குஞ்சின் பாதையை மட்டும்தான் சொன்னது.

இந்தப் பயணத்துக்கு எரிபொருள் கொழுப்பு. கிளம்புவதற்கு முன் உடல் எடையில் பாதிக்குமேல் கொழுப்பாக ஏற்றிக்கொள்ளும் மூக்கன்கள் உண்டு. அந்தச் சுமைக்கு இடம் கொடுக்க இரைப்பை, குடல் எல்லாம் சுருங்கிவிடும். போய்ச் சேர்ந்தபிறகு அவை மறுபடி வளர வேண்டும். இப்படிக் கிராம் கிராமாகச் சேர்த்து வைக்கும் உடம்பில், நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு ஐந்து நிமிடப் பறத்தலும் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. எடுத்ததை மறுபடி போடக் கையில் இருப்பது அடுத்த வற்றம் மட்டும்.

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தென் அமெரிக்காவின் தென்முனையிலிருந்து ஆர்க்டிக் வரை போகும் ரெட் நாட் என்ற உள்ளான் இனம் மே மாதம் அங்கே இறங்குகிறது. அந்த நேரத்தில்தான் குதிரைலாட நண்டுகள் கரையேறி முட்டையிடும். பறவைகள் இரண்டு வாரத்துக்குள் அந்த முட்டைகளைத் தின்று எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பிந்தினாலும் மெலிந்து போனாலும் ஆர்க்டிக்கில் முட்டையிடுவது சிரமம். அதனால்தான் அந்த நாட்களில் அங்கே பல கடற்கரைகளை மனிதர்களுக்கு மூடிவிடுகிறார்கள். மூடிய கரைக்கு வெளியே நின்று பார்க்க இடம் வைத்திருக்கிறார்கள், தன்னார்வலர்கள் நின்று விளக்கம் சொல்கிறார்கள். மூடினால் மக்களுக்குப் பறவை மேல் ஆர்வம் போய்விடும் என்று யாரும் அழவில்லை.

சரி, "ஒரு பைரி வந்து பாய்ந்தாலும்தான் கூட்டம் எழும்புகிறது, அதை என்ன செய்வீர்கள்?" என்று ஒரு உலாவில் என்னிடம் மடக்கினார்கள். பைரி தன் வயிற்றுக்கு வருகிறது. பாய்ந்து, பிடித்தோ பிடிக்காமலோ போய்விடுகிறது. அதற்குப் பின்னால் ஓட்டப்பயிற்சிக்காரர் வருகிறார். அவர் பின்னால் கட்டவிழ்த்த நாய். அப்புறம் ட்ரோன். அப்புறம் தரையோடு தரையாகத் தவழ்ந்து வரும் படக்காரர் (தவழ்ந்து வந்தால் பறவைக்குத் தெரியாது என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ). கடைசியாகப் பறவைகள் மேல் மிகுந்த அன்போடு நாம் இருபது பேர். இன்று இந்தத் திட்டைக் கலைத்தது நான் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு முறைதான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். கணக்கை முழுசாக வைத்திருப்பது பறவை.

இனி, உட்காருவதைப் பற்றி.

மணல் திட்டில் நாங்கள் அட்டகாசம் செய்து இரண்டு வருடம் கழித்து வேறொரு கூட்டத்தோடு போனேன். நடத்தியவர் வயதான ஒரு அம்மா. அறிவிப்பே வித்தியாசமாக இருந்தது: "உச்ச ஏற்றம் பத்தே கால். நாம் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். பிந்தி வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்." கொஞ்சம் கறார்தான். போனால், திட்டுக்கு எதிரே, நன்றாகத் தள்ளி, புதர் மறைவில் தார்ப்பாய் விரித்து எங்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டார். வெயில் எங்கள் முதுகில். எதிரே வெறும் சேறு. ஒரு பறவை இல்லை. பக்கத்தில் இருந்தவர் என் காதில், "ஏமாந்துவிட்டோம் போலிருக்கிறது" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தூரத்தில் சேற்றின் விளிம்பு பளபளத்தது. நீர் வருகிறது. அதோடு சேர்ந்து புள்ளிகளும் வந்தன. குட்டைக்கால் உள்ளான்கள் நீரின் விளிம்பைவிட்டு நகராமல், ஒரு கொத்து, இரண்டு எட்டு, ஒரு கொத்து, இரண்டு எட்டு என்று எங்களை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தன. கல்திருப்பிகள் சிப்பி ஓடுகளைப் புரட்டிக்கொண்டு வந்தன. பவளக்காலி ஒன்று கத்திக்கொண்டே தலைக்குமேல் போயிற்று. குதிரைமலைக் கோட்டான்கள் அந்த நீண்ட வளைந்த அலகை அடிவரை சேற்றில் இறக்கி நண்டை உருவுவதைக் கண்ணாடியில் பார்த்தபோது சின்னப் பிள்ளை போல வாய் பிளந்தேன். நெட்டைக்கால் மூக்கன்கள் வயிறு நனையும்வரை தண்ணீரிலேயே நின்றுவிட்டு, கடைசியில், மனமில்லாமல், பறந்து வந்து திட்டில் இறங்கின.

பத்தே கால் மணிக்கு எதிரே திட்டு நிரம்பியிருந்தது. எவரும் எங்களுக்காகத் தலை நிமிரவில்லை. நாங்கள் அங்கே இருந்த ஒரு புதர். அவை எங்களிடம் வந்தன, நாங்கள் அவற்றிடம் போகவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. நெருங்கிப் போகிற எதுவும் பறவைக்கு வேட்டையாடி. ஏற்கெனவே அசையாமல் இருக்கிற ஒன்று நிலத்தின் ஒரு பகுதி.

அன்றுதான் அலகுகளை நிதானமாகப் பார்த்தேன். ஏன் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று மேல்நோக்கி வளைவு, ஒன்று கீழ்நோக்கி வளைவு என்று அந்த அம்மா கிசுகிசுத்த குரலில் சொன்னார். ஒரே சேற்றில் ஆளுக்கு ஒரு ஆழம். ரெட் நாட்டின் அலகு நுனியில் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. ஈர மணலில் அலகைச் செருகும்போது உண்டாகும் அழுத்தத்தைக் கொண்டே, தொடாமலே, பக்கத்தில் சிப்பி புதைந்திருப்பதை அறிந்துகொள்ளும். நடந்துகொண்டே கேட்டிருந்தால் இதில் பாதிகூட என் காதில் விழுந்திருக்காது.

இன்னொன்றும் உட்கார்ந்தால்தான் கிடைக்கும்: காலில் கட்டிய கொடி. கிழக்கு ஆசிய ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் பறவைகளுக்குக் கட்டும் சிறு பிளாஸ்டிக் கொடிகளுக்கு இடத்துக்கு ஒரு நிறம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கட்டினால் ஆரஞ்சு, அதன் வடமேற்கில் கட்டினால் மஞ்சள், நியூசிலாந்தில் கட்டினால் வெள்ளை. அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். பறக்கிற பறவையின் காலில் இதைப் படிக்க முடியாது. கலவரத்தில் ஓடுகிற பறவையிலும் முடியாது. நிம்மதியாக நிற்கிற பறவையில்தான் முடியும். 1995-இல் தென் அமெரிக்காவின் தென்முனையில் வளையமிட்ட ஒரு ரெட் நாட், பி95, 2014 வரைக்கும் மறுபடி மறுபடி பார்க்கப்பட்டது. அதன் ஆயுளில் பறந்த தூரம் நிலவுக்குப் போய்ப் பாதிக்கு மேல் திரும்பி வரும் அளவு இருக்கும் என்று கணக்கிட்டு 'மூன்பேர்ட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கணக்கெல்லாம் சாத்தியமானது, எங்கெங்கோ கரைகளில் யார் யாரோ பொறுமையாக உட்கார்ந்து அந்த மூன்று எழுத்தைப் படித்ததால்.

சிறுவர்கள் உட்கார மாட்டார்கள் என்பீர்கள். அவர்களிடம் கொடி தேடும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்கள்தான் முதலில் நெளிவார்கள்.

நான் சொல்வது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் வாஷ் விரிகுடாவில் ஸ்னெட்டிஷம் என்ற இடத்துக்கு மக்கள் தேதி பார்த்துப் போவதில்லை, ஏற்றத்தின் உயரத்தைப் பார்த்துப் போகிறார்கள். மிக உயர்ந்த ஏற்றங்களில் சேறு முழுக்க மூடிவிட, பல்லாயிரம் பறவைகள் ஒரே நேரத்தில் எழுந்து உள்ளே இருக்கும் ஏரிகளுக்கு வரும். பார்க்கிறவர்கள் கரையிலும் மறைவுக் குடில்களிலும் காத்திருப்பார்கள். நியூசிலாந்தின் மிராண்டா கரைப்பறவை மையத்திலும் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டால் ஏற்ற நேரத்தைத்தான் சொல்வார்கள். ஹாங்காங்கின் மாய்ப்போவில் அனுமதி வாங்கிக்கொண்டு அலையாத்திக்குள் பலகைப் பாதையில் நடந்து போனால் சேற்றின் விளிம்பில் மிதக்கும் குடில்கள். நீரோடு சேர்ந்து குடிலும் உயரும், பறவைகள் தாமாகவே முன்னால் வரும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் உலகிலேயே மிக உயரமான ஏற்றங்கள் உண்டு. அங்கே ஜான்சன்ஸ் மில்ஸ் கரையில் சின்ன உள்ளான்கள் லட்சக்கணக்கில் ஒதுங்கும்போது, உச்ச ஏற்றத்தை ஒட்டிய நேரத்தில் கீழே கரையில் இறங்க வேண்டாம் என்று வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஃபுளோரிடாவின் சனிபெல் தீவில் உள்ள டிங் டார்லிங் காப்பகத்தைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. அங்கே சதுப்பின் ஊடே காரில் சுற்றி வரும் பாதை ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கு வார விடுமுறை. அன்று மூடிவிடுவார்கள், உயிரினங்கள் மனிதர் தொல்லையில்லாமல் இருக்கட்டும் என்று. பறவைகளுக்கும் ஒரு நாள் லீவு.

இப்போது உங்கள் தரப்புச் சிரமங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் உண்டு, ஞாயிறு காலைதான் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் ஓதமே வழி விட்டிருக்கிறது. நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போனால் ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது நாளுக்கு இரண்டு ஏற்றம் வரும் கரையில், இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு உச்ச ஏற்றம் என்றால், அடுத்த ஞாயிறு அதே எட்டு மணிக்கு ஏறத்தாழ வற்றம். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி ஏற்றம். ஒரு ஞாயிறு உட்காரும் உலா, மறு ஞாயிறு வேண்டுமானால் உள்ளே தோப்புப் பக்கம் நடக்கும் உலா. வருடம் முழுவதற்கும் அட்டவணை முன்கூட்டியே கிடைக்கிறது. நாட்காட்டியை ஜனவரியிலேயே போட்டுவிடலாம். நாளுக்கு ஒரே ஏற்றம் வரும் கரைகளும், ஏற்றவற்றமே பெயரளவுக்கு இருக்கும் கரைகளும் உண்டு. அங்கே காற்றும் மழையும் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும். அந்த இடங்களை நீங்கள்தான் பார்த்துப் பழகிச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. உலா முடிவில் வட்டமாக நின்று "இன்று மொத்தம் எத்தனை இனம்?" என்று கேட்பீர்களே, அதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். பட்டியல் போடுவதற்கு நான் எதிரி இல்லை. 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, துப்பாக்கியோடு போய் யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டி போடும் வழக்கத்துக்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று ஃபிராங்க் சாப்மன் அழைத்தபோது 27 பேர் முன்வந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது, அதன் தரவு எத்தனையோ இனங்களின் நிலையைச் சொல்கிறது. ஆனால் போட்டி மனசு துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகும் முழுசாகப் போய்விடவில்லை. போன தடவை 52, இந்தத் தடவை 60 தாண்ட வேண்டும் என்றால் கால் தானாக நடக்கும். அடுத்த வளைவில் என்ன, அந்தக் குட்டைக்குப் பின்னால் என்ன என்று இழுக்கும். உட்காருவது நேர விரயமாகத் தெரியும். பறவைக் கணக்குகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் ஒரே இடத்தில் இருந்து எடுக்கும் கணக்குக்குத் தனி வகையே இருக்கிறது. அதில் போடுங்கள். எண் குறைவாகத்தான் வரும். வரட்டும்.

முட்டையிடும் பருவத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குப் பாடம். உப்புக்கொத்தியும் ஆலாவும் வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். முட்டையின் நிறம் மணலின் நிறம். மிதித்த பிறகுதான் தெரியும். தாய் எழுந்து நின்றால் வெயில் நேரே முட்டையில் இறங்கும். சிறகு ஒடிந்தது போல நடித்து உங்கள் முன்னால் தள்ளாடும் பறவையைப் படமெடுத்துக்கொண்டு நின்றால், அதன் குஞ்சு உங்கள் செருப்பருகே கிடக்கிறது என்று பொருள். 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிக்காவில் ஒரே ஒரு ட்ரோன் கூடுகள் இருந்த தீவில் விழுந்தது. ஆயிரக்கணக்கான ஆலாக்கள் கூட்டைவிட்டுப் போய்விட்டன. சுமார் 1,500 முட்டைகள் குஞ்சு பொரிக்காமலே கிடந்தன. அந்தப் பருவத்தில் அந்தப் பக்கம் உலாவே வேண்டாம் என்பது என் கட்சி.

குரல் பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பது, ஆடையின் நிறம், கூட்டின் இடத்தைப் படத்தோடு போட்டுவிடுவது, இவற்றைப் பற்றி நீங்களே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

பூங்காக்களையும் காப்பகங்களையும் பராமரிக்கிறவர்கள் கண்ணில் இந்த மடல் பட்டால், அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. நடைபாதையை ஒதுங்குமிடத்தின் ஓரமாகப் போட்டுவிட்டு, "பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்" என்று பலகை வைத்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்? பாதையைப் பத்து ஆள் நீளம் உள்ளே தள்ளுங்கள். ஒரு தட்டி மறைப்பு, ஒரு நீள பெஞ்சு, சக்கர நாற்காலி உருளும்படி ஒரு சமதளம் போதும். நுழைவாயிலில் அன்றைய ஏற்ற நேரத்தைச் சாக்பீஸால் எழுதி வையுங்கள். உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் திட்டுப் பக்கம் போகும் வழியைக் கயிறு கட்டி மூடுங்கள். பிறகு திறந்துவிடுங்கள். 1903 மார்ச் 14 அன்று அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஃபுளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தார். தொப்பிக்கு இறகு பிடுங்க வந்தவர்களிடமிருந்து கூழைக்கடாக்களைக் காக்க பால் க்ரோகல் என்ற ஒற்றைக் காவலர் படகும் கையுமாக அங்கே நின்றார். பார்க்க வருகிறவர்களுக்குப் பாதை போடும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. ஆள் வராமல் தடுப்பதுதான் அவருக்கு வேலை. இப்போது நாம் வருகிறோம், வரத்தான் வேண்டும். வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் உங்கள் பொறுப்பு.

கடைசியாக என் சுயநலம் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு முழங்கால் முன்போல இல்லை. நான்கு கிலோமீட்டர் மணலில் நடந்தால் மறுநாள் மாடிப்படி ஏற முடிவதில்லை. போன இரண்டு உலாக்களில் பாதியில் திரும்பிவிட்டேன், சொல்லிக்கொள்ளாமல். என்னைப் போலவே பாதியில் நழுவிப் போகிறவர்களையும், நடக்க வேண்டும் என்பதாலேயே பெயர் கொடுக்காதவர்களையும் எனக்குத் தெரியும். கைக்குழந்தையோடு ஒருவர், ஊன்றுகோலோடு ஒருவர், இதயச் சிகிச்சை முடிந்து வந்த ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

அட்டவணையைப் பார்த்துவிட்டேன். வரும் பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிறு. உச்ச ஏற்றம் காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். ஏழு மணிக்கெல்லாம் திட்டுக்கு எதிரே இருக்க வேண்டும். கூப்பிடுவீர்களானால் வருகிறேன். மடக்கு நாற்காலி என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பின்வரிசையில் வரும் ஒருவன்